இரண்டு துளை

கடைக்காரர் எலியேசர் முதலில் கேட்டது
பாட்டைப் பற்றி அல்ல.
"எத்தனை பேர்?"
"நான் மட்டும்தான்."
"அப்படியென்றால் ஒரு துளை போதும்" என்று
கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டுக்குக் குனிந்தார்.

புந்தா அரேனாசில் அன்று காற்று
மணிக்கு நூறைத் தொட்டிருந்தது.
சதுக்கத்து மூலையில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி
வந்து சேர்ந்திருந்தேன்.
கையுறை கழற்றிய விரல்களில்
நண்டுத் தொழிற்சாலையின் வாடை.
அது அவர் மூக்குக்கு எட்டியதோ என்னவோ,
விலை குறைந்ததையே எடுத்து வைத்தார்.

உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி.
ஒரு துளை, ஒரு திருகு, ஒரு விளக்கு.
பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொன்று:
இரண்டு துளை,
ஒன்றே முக்கால் மடங்கு விலை.
"உள்ளே சில்லு ஒன்றுதான்.
தொண்ணூற்றாறு, நூற்றுத்தொண்ணூற்றிரண்டு என்பதெல்லாம்
வௌவால் காதுக்கு" என்றார்.
இந்தக் காற்றில் வௌவாலே வெளியே வராது.

ஒரு பொத்தானில் நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தது.
"பேய் மின்சாரம். சத்தம் வருகிற கம்பியிலேயே
எதிரே போய் மைக்குக்குச் சோறு போடும்.
மடிக்கணினிக்கு என்ன வயது?"
"பன்னிரண்டு. ஒரு கீல் போய்விட்டது.
சுவரில் சாய்த்தால்தான் திரை நிற்கும்."
"தாமதம் இருக்கும்" என்றார்,
எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்தவர் போல.
"நீங்கள் பாடியது உங்களுக்கே
கொஞ்சம் பிந்திக் கேட்கும்."

அது புதிதல்ல எனக்கு.
திட்டி முடித்து, படியிறங்கி,
தெரு திரும்பிய பிறகுதான்
சொன்னது என்னவென்று காதில் விழும்.

ஒரு துளையே வாங்கினேன்.

இரவு எரிவாயு அடுப்பை அணைத்தேன்,
சீறல் பதிந்துவிடும் என்று.
ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன்,
உள்ளே மீன் இருந்ததை மறந்து.
கோட்டைப் போட்டுக்கொண்டு
அக்கார்டியனை மடியில் ஏற்றினேன்.

மைக் வலப்பக்கம்:
மெட்டு இருக்கிறது, தரை இல்லை.
இடப்பக்கம்:
தரை இருக்கிறது, நடக்க ஆளில்லை.
நடுவில் வைத்தால்
நாலு மாடி ஏறி வந்த கனத்த மனிதனாய்
துருத்தி மூச்சு வாங்குவது மட்டும்.

எத்தனை பேர் என்று கேட்டாரே,
கணக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டேன்.
வலக்கை ஒருத்தி.
கறுப்பு வெள்ளைக் கட்டைகளில் அவள் ஓடுவதைத்தான்
எல்லோரும் பார்க்கிறார்கள்.
இடக்கை ஒருத்தி.
நூற்றிருபது பொத்தான், ஒன்றையும் கண்டதில்லை.
தோல்வாருக்குள் நுழைந்து
தடவித் தடவியே வழி கண்டவள்.
வேலையிலும் அப்படித்தான்:
வலக்கை வெட்டும்,
முள் நிறைந்த ஓட்டை இடக்கை பிடித்திருக்கும்.
முதலில் கிழிவது எப்போதும்
இடது கையுறை.

மறுநாள் ரசீதோடு போனேன்.
"ஆள் கூடிவிட்டதா?"
"ஆமாம்."
யார் என்று கேட்கவில்லை.
பெட்டியைப் பிரித்ததற்கு இரண்டாயிரம் பெசோ
கழித்துக்கொண்டார்.

இரண்டாவது மைக் யெர்க்கா கொடுத்தது.
அவள் கரோக்கி பாடுவது;
வலையில் உதட்டுச்சாயம் ஒட்டியிருந்தது.
துடைக்கத் தோன்றவில்லை.
அதை இடப்பக்கம், ஜன்னலை ஒட்டி நிறுத்தினேன்.

வலது விளக்கு ஒரு தட்டுக்கே சிவந்தது.
இடது, எவ்வளவு வாசித்தும்,
பச்சையைத் தாண்டவில்லை.
அந்தத் திருகை மட்டும் கூட்டினேன்.
இன்னும் கூட்டினேன்.
பொத்தான்களின் அடியில் மரம் முட்டும் சத்தம் வந்தது,
நகம் வந்தது, பிறகு
நீரிணையிலிருந்து புறப்பட்ட காற்று
ஜன்னல் இடுக்கு வழியே உள்ளே வந்து
தாளத்துக்கு முன்னால் ஒரு நொடி நின்றது.
இருக்கட்டும் என்று விட்டேன்.

பாட வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது,
துளை தீர்ந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டு முனகினேன்.
இரண்டிலும்
கொஞ்சம் கொஞ்சம் விழுந்தது.