தொண்ணூற்றொன்பது தசம் நான்கு

திங்கள் காலை ஒன்பதரைக்கு வரிசை
கச்சேரி வாசலைத் தாண்டி
மதிலோரம் படுத்திருந்த மான்கள்வரை போயிற்று.
ஒரு மான் எழும்பி இடம் விட்டது.

என் திரையில் எல்லாம் பச்சை.
கேட்ட பக்கங்களில்
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தசம் நான்கு
நினைவகத்திலேயே கிடைக்கிறதாம்,
வட்டுக்கு இறங்கவே தேவையில்லையாம்.
"அப்ப ஏன் பிள்ளை சனம் நிக்குது?"
என்றார் அற்புதராசா சேர்.

போன கிழமை அவர் சொல்லித்தான்
கேஷுக்கு இன்னும் நாலு ஜீபீ கொடுத்தேன்.
கொடுத்தது கூடிப்போய்
சேர்வருக்கு மூச்சு முட்டியது.
இரண்டைத் திருப்பி வாங்கினேன்.
எண் அசையவில்லை.
வரிசையும்.

பதினொரு மணிக்குப் பிடித்தேன்:
ஒவ்வொரு பெயருக்கும்
பிறப்பு அட்டவணை முழுவதையும்
தலையிலிருந்து கால்வரை தடவும் ஒரு வினவல்.
அதே பக்கங்கள், திரும்பவும் அதே பக்கங்கள்,
எல்லாம் சூடாக, எல்லாம் கைக்கெட்ட.
கன்னியாவில் ஏழு கிணற்றையும்
வாளி மாற்றி மாற்றி இறைத்து
கடைசியில் தலை நனையாததுபோல.
இறைத்த வாளிகளைத்தான்
அந்த எண் எண்ணிக்கொண்டிருந்தது.

ஒரு சுட்டி போட்டேன். மூன்று நிமிடம்.
வரிசை நகர்ந்தது.
விகிதம் தொண்ணூற்றொன்றுக்கு விழுந்தது.
சிவப்பைக் கண்டு சேர்
பாதித் தேத்தண்ணியோடு ஓடி வந்தார்.
"விழட்டும் சேர்."

மத்தியானத்துக்குப் பிறகு
நிஸ்மியாவின் கவுண்டரில்
மூதூரிலிருந்து ஒருவர்.
தொண்ணூறாம் ஆண்டு, ஆவணி, ஒரு மரணப் பதிவு.
தம்பியாம்.

கேட்டால்தான் நினைவகத்தில் இடம்.
கேளாதது ஒவ்வொரு படியாகப் பின்னுக்குப் போய்
ஒரு நாள் வட்டோடு நின்றுவிடும்.
இந்தப் பக்கத்தை இதுவரை
யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.
பழைய வட்டு இறங்கித் தேடி
எடுத்துவர நாலு விநாடி.
"சிஸ்டம் ஸ்லோ, குறை நினைக்காதீங்க" என்றாள் நிஸ்மியா.
அவர் அச்சு இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளை வாசித்தார்.
மடித்தார்.
இன்னொரு பிரதி கேட்டார்.
அது உடனே வந்தது.

ஐந்து மணிக்கு, சேர்வர் அறையைப் பூட்டுமுன்
பஃபரைத் திறந்து பார்த்தேன்.
அன்றைய பிறப்புகள் நெருக்கித் தள்ள
அந்தப் பக்கம்
வெளியேறும் வரிசையில் இரண்டாவதாய் நின்றது.

அலுவல் ஒன்றுமில்லை.
நானும் அந்தப் பெயரை
ஒருதரம் கேட்டுவிட்டு
வெளிச்சத்தை அணைத்தேன்.