வலது கீழ்மூலை

தொண்டி ஐஸ் கம்பெனி ரசீதின் பின்பக்கத்தில்
ஓர் ஆவுளியா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்.
சீனி உதுமான், அது நீங்கள் போட்டது.
கதை என்னுடையது என்கிறது அட்டை.
எந்தப் பிள்ளையும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

கடலுக்கு நீலம் கேட்டார் பதிப்பாளர்.
வாடையில் வந்து பாருங்கள் என்று
ஒரு தாளில் டீயைக் கொட்டிக் காயவைத்து
தபாலில் அனுப்பினீர்கள்.
அந்தத் தாளேதான் அச்சில் வந்தது.

சிவகாசியில் சிவப்பு சற்றுத் தள்ளி விழுந்து
ஐந்தாம் பக்கத்து நண்டு
தன் கோட்டை விட்டு வெளியே கிடந்தது.
நான் கத்தினேன்.
"நண்டுதானே, ஓடத்தான் செய்யும்."

ஒன்றில் மட்டும் பிடிவாதம்:
வலது கீழ்மூலையில்
ஒரு மீன்முள்கூட வரைய மாட்டீர்கள்.
எனக்கோ எரிச்சல்,
நாலு வரி போட்டிருக்கலாமே அங்கே.

அடக்கம் முடிந்தும் பஸ்ஸுக்கு நேரமிருந்தது.
நூலகத்தில் கேட்டு வாங்கினேன்,
தைத்துத் தைத்துப் பருத்த பிரதி.
பக்கத்துக்குப் பக்கம் அந்த மூலை
எச்சிலும் மாங்காய் உப்பும் பட்டுப்
பழுத்திருந்தது.

கடைசித் தாள் இல்லை.
யாரோ கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.
அதில்தான்
ஆவுளியாவுக்குக் கண்ணாடி கிடைக்கும்.