மூன்று புள்ளிகள்

போன் வந்தபோது
கையில் ரப்பர் உறை, உறைக்குள் கடல்நீர்.
சிப்பி ஆலையில் இரண்டாவது ஷிஃப்ட்.
டாக்டர் எல்லாவற்றையும் சரியாகத்தான் வாசித்தார்:
எர்மெலிண்டா ஓயார்சோ, ஐம்பத்து மூன்று, இடது மார்பு.
சரி என்றேன்.
நன்றி என்றும் சொன்னேன் போலிருக்கிறது.
பிறகு கூடையில் மிச்சமிருந்த சிப்பிகளை
ஒவ்வொன்றாய் நார் பிய்த்துத் தட்டில் அடுக்கினேன்.
ஓடு ஒன்றுகூட உடையவில்லை.
மேற்பார்வையாளர் அன்றைக்குத்தான்
என்னை முதல்முறையாகப் பாராட்டினார்.

கணவனிடம் மூன்று நாள் சொல்லவில்லை.
முதலில் சொன்னது
தல்காவே படகில் டிக்கெட் கிழிக்கும் பையனிடம்.
எங்கே அத்தை இவ்வளவு காலையில், என்றான்.
வால்டிவியாவுக்கு, கேன்சர், என்றேன்,
ஏதோ நாத்தனார் வீட்டுக்குப் போகிறவள் மாதிரி.
அவன் டிக்கெட்டைக் கிழிக்காமலே நீட்டினான்.
வரும்போது இதையே காட்டு, என்றான்.
அந்த வாரத்தில் கிடைத்த
ஒரே உருப்படியான ஆறுதல்.

மற்றவர்கள் எல்லாம் போராடு என்றார்கள்.
யாரோடு?
என் சதை அது.
நான் தின்ற உருளைக்கிழங்கில் வளர்ந்தது.

எதிர்வீட்டு நோல்ஃபா கிழங்கு அடை சுட்டு வந்தாள்.
மருந்து ஏறிய நாக்கில் எல்லாமே ஆணி ருசி.
நன்றாயிருக்கிறது என்று மூன்று தின்றுவிட்டு
கோழிக் கூண்டுக்குப் பின்னால் போய்
சத்தமில்லாமல் வாந்தியெடுத்தேன்.
கோழிகள் மட்டும் பார்த்தன.
அவை யாரிடமும் சொல்கிற ஜாதியில்லை.

முடி கொட்டியதற்கு அழவில்லை.
குளியலறைக் குழாயில் அடைத்துக்கொண்டதை
எலிசேயோ கம்பியால் இழுத்து,
ஒரு சொல் பேசாமல்,
வேலியோரம் குழி தோண்டிப் புதைத்தான்.
அதை ஜன்னல் வழியே பார்த்தபோதும் அழவில்லை.
பஸ்ஸில் கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்து
சீட்டுகளுக்கு அடியில் உருண்டு போனது.
அதற்கு அழுதேன்.
ஒசோர்னோ வரும்வரை.
முன்பின் தெரியாத மூன்று பேர்
மண்டியிட்டுத் தேடினார்கள்.
கிடைக்கவில்லை.

கதிர்வீச்சுக்கு அடையாளம் வேண்டுமென்று
தோலில் மூன்று புள்ளி பச்சை குத்தினார்கள்,
வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவர்கள் வைப்பதுபோல.
கழுத்தில் நங்கூரம் குத்திக்கொண்டு வந்தான் என்று
பெலிசாரியோவை நான் ஒரு வாரம்
வீட்டுக்குள் விடாதவள்.
அவனுக்குப் போன் போட்டு, நானும் குத்திக்கொண்டேன், என்றேன்.
சிரித்தான்.
சிரிப்பு வேறு எதுவாகவோ மாறிய பிறகும்
இருவரும் வைக்கவில்லை.

நோயாளிகள் விடுதியில் பக்கத்துக் கட்டில் ஓர்டென்சியா.
ரயில் போவது மாதிரி குறட்டை.
தூக்கம் வராத மூன்று மணிக்கு
அவளை உலுக்கி எழுப்புவேன்.
திட்டிக்கொண்டே சீட்டுக்கட்டை எடுப்பாள்.
பந்தயம் தீக்குச்சிகள்.
பயமா, என்று ஒருநாள் கேட்டேன்.
கலைத்துப் போடு, என்றாள்.
அவளுக்குச் சீட்டில் திருட்டுப் புத்தி.
எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

பதினெட்டாம் நாள் மெஷினிலிருந்து திரும்பினேன்.
கட்டிலில் விரிப்பு இல்லை.
நர்ஸிடம் கேட்கவில்லை.
கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

இருபத்தைந்து முடிந்தது.
மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள்.
வெளியே மீன் சந்தைக்குக் கீழே
கடற்சிங்கங்கள் வெயிலில் தொந்தியைப் போட்டுக்கொண்டு
தலைக்காகக் கத்திக்கொண்டிருந்தன.
சந்தோஷம் வரும் என்றிருந்தேன்.
வந்தது கோபம்,
பாதிப் பாலத்தில் கையை விட்டுவிட்டார்களே என்று.

வீட்டில் எலிசேயோ தனியாகக் கிழங்கு நட்டிருந்தான்.
ஒரு வரிசைகூட நேராக இல்லை.
ஒன்றும் சொல்லவில்லை நான்;
அதற்குத்தான் அவன் பயந்துவிட்டான்.
என்னடி, திட்டு, என்றான்.
குருடன் நட்ட மாதிரி இருக்கிறது, என்றேன்.
முகம் தெளிந்து அடுப்பு மூட்டப் போனான்.

அவன் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கி
எண்ணி எடுத்தேன் பதினொன்று.
தேயிலை டப்பாவில் போட்டு மூடினேன்.
எதற்கு, என்றான்.
கடன், என்றேன்.