மூன்றாவது குழாய்

குளுகோர் மேட்டில் எங்கள் ஆய்வுக்கூடம்.
ஜன்னலில் பாலம் தெரியும்,
ஜன்னலைத் திறக்காதே என்ற அறிவிப்பும் தெரியும்.
கடற்காற்று புகுந்தால் தராசு பொய் சொல்லும்.

மேசையில் கண்ணாடிக் குழாய்கள்.
ஒன்றில் வெறும் மணல்.
இரண்டில் காந்தக் கல்லின் கரும்பொடி.
மூன்றில் நானே சமைத்த துரு:
காரத்தைச் சொட்டுச் சொட்டாய் விட்டு
ராத்திரி முழுக்கக் கலக்கியது.
மீன்குழம்பு நிறம்.
நான்காவது உடைந்துபோனது.
புதிதாக வாங்க இன்னும் பணம் வரவில்லை.

தண்ணீர் பேராக்கிலிருந்து வந்தது,
பழைய ஈயலம்பக் குட்டை ஒன்றிலிருந்து,
பதினாறு குளிர்பானப் போத்தல்களில்.
கொண்டுவந்தவர் சியூ கொக் லியோங்.
கரையில் கங்கோங் போடுகிறார், திலாப்பியா வளர்க்கிறார்.
ஈயம் எடுத்தவர்கள்
ஈயத்தை எடுத்துக்கொண்டு
மிச்ச மணலைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள்.
மணலுக்குள் யுரேனியம் இருந்தது.
அவர்கள் கணக்கில் அதற்கு வரி இல்லை.

பார்த்தால் நல்ல தண்ணீர்.
பளிங்குபோல என்போமே, அது.
கருவி மட்டும் சொன்னது:
லிட்டருக்கு நூற்றுப் பத்து மைக்ரோகிராம்.
முப்பதைத் தாண்டினால் குடிக்காதே என்கிறது புத்தகம்.

துருவைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் கிடையாது.
ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பதினொரு வருடம்.
கேட்டைத் தின்றது.
மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயைத் தின்றது.
தண்ணீர்மலைக்கு என் கணவர் எடுத்த காவடியின் ஆணிகளை
டப்பாவுக்குள் வைத்தே தின்றது.
வருடா வருடம் சாயம் பூசுகிறோம்.
சாயத்துக்கு அடியில் அது
சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பசியைத்தான் கூலிக்கு வைத்தேன்.

சொட்டு.
சொட்டு.
பம்பின் முனகல்.
முதல் நாள், மூன்றாவது குழாயின் வாயில்: இரண்டு.
நம்பாமல் மறுபடி அளந்தேன்.
இரண்டு.
நூருல் ஹஃபீசா எல்லோருக்கும் தே ஓ ஐஸ் வாங்கினாள்.
ஆறாம் நாள் நான்கு.
பதினோராம் நாள் இருபத்தாறு.
பதின்மூன்றாம் நாள் அறுபது.
அன்று யாரும் எதுவும் வாங்கவில்லை.
இருபது வருடக் கேட்டைத் தின்றும் அடங்காதது
ஒரு பிடி மணலில் வயிறு நிறைந்து
போதும் என்கிறது.

சியூ போன் செய்தார். மலாயில்தான் பேசினோம்.
பத்து நாளைக்கு ஒருமுறை துருவை மாற்றணும் என்றேன்.
துருதானே, என் கொட்டகைக் கூரையில்
கிலோக் கணக்கில் கிடக்கிறது என்று சிரித்தார்.
அது வேறு துரு என்றேன்.
விளக்க வரவில்லை.
போன வருடம்வரை எனக்கும் எல்லாத் துருவும் ஒன்றுதான்.

பிறகு கேட்டார்:
சரி, தண்ணியிலிருந்து போனது
எங்கே போனது?

போகவில்லை, ஐயா.
இரும்பு அதை அழிப்பதில்லை, பிடித்துக்கொள்கிறது.
ஒரு கரண்டி சோடா உப்பு போதும்,
பிடி தளர்ந்துவிடும்.
உங்கள் குட்டையில் இருந்தது
இப்போது என் மேசையில் இருக்கிறது.

மறுமுனையில் வாத்துகளின் சத்தம்.
ஓகே, ஓகே என்றார்.
வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஈரத் துருவை வழித்து
வெள்ளை டப்பாவில் அடைத்தேன்.
ஒரு முழங்கை உயரம்கூட இல்லை டப்பா.
ஸ்டிக்கரில் மூன்று மொழிகள் அச்சாகியிருந்தன.
நாலாவதை நான் மார்க்கரால் எழுதினேன்: அபாயம்.

பாதியாவதற்கே நானூற்றைம்பது கோடி வருடம் ஆகுமாம்.
மார்க்கர் மைக்கு, மூடியில் போட்டிருக்கிறது,
இரண்டு வருடம்.

ஸ்டோர் சாவியோடு ரட்சான் வாசலில் நின்றார்,
ஆறு மணிப் பாலத்து நெரிசலை நினைத்தபடி.
ஸ்டிக்கரின் அடியில் ஒரு கோடு மிச்சமிருந்தது:
பொறுப்பாளர் பெயர்.
எழுதினேன், முழுதாக,
அப்பா பெயரோடு.