ஈரக் கழிவு

இருபத்திரண்டு வருஷமாக
அடுத்தவர் சுமையைத்தான் நிறுத்து எழுதியிருக்கிறேன்.
காலை பத்தரை, மதியம் ஒன்று, சாயங்காலம் நாலரை.
கொக்கியில் சாக்கு ஏறும், முள் ஆடும்,
முள் நிற்பதற்குள் என் வாய் எண்ணைச் சொல்லிவிடும்.
மழை நாளென்றால் ஈரத்துக்கு இரண்டு கிலோ,
சாக்குக்கு அரைக் கிலோ கழிப்பேன்.
கம்பெனி வழக்கம். நான் கண்டுபிடித்ததல்ல.

என் எடையைக் குன்னூரில் டாக்டரம்மா சொன்னார்.
தொண்ணூற்றிரண்டு.
கழிவு ஏதும் இல்லாமல்.
"என்ன வேலை?"
"தேயிலைத் தோட்டம்."
"அப்போ நல்லா நடப்பீங்களே."
நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டிலிருந்து நிறுவைக் கொட்டகைக்கு ஜீப்.
அங்கிருந்து பேக்டரிக்கு இலை லாரியின் முன் சீட்டு.
நிறுவைக்கு ஒரு டம்ளர் டீ, மூன்று கரண்டி சீனி,
கூடவே வர்க்கி.
விரல் பட்டால் ஏடு ஏடாய் உதிரும்.
கணக்குப் புத்தகத்தின் மடிப்பில் உதிர்ந்ததையும்
பொறுக்கித் தின்கிறவன் நான்.
ராத்திரி பன்னிரண்டு வரை கம்பளிக்குள் செல்போன் வெளிச்சம்.
குளிர் ஊரில் வேர்வை என்பது
காய்ச்சல் விடும்போது மட்டும் வருவது
என்று நினைத்திருந்தேன்.

ஆவணியில் நடக்கத் தொடங்கினேன்.
கொலக்கம்பை ரோட்டில் முதல் வளைவிலேயே
கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
சில்வர் ஓக் மரங்கள் அசையவில்லை, நான்தான் அசைந்தேன்.
எதிரே வந்த காட்டெருமை ஒன்று
நம் இனத்தில் யாரோ என்று ஒதுங்கி வழிவிட்டது.
இது நானே சொல்லிச் சிரிக்கும் கதை.
எருமை நின்றது மட்டும் உண்மை.

ஐப்பசியில் இரண்டாம் வளைவு.
கார்த்திகையில் மாரியம்மன் கோயில் மேடு.
சீனி மூன்றிலிருந்து ஒன்றாகி, ஒன்றும் இல்லாமல் ஆனது.
இத்தனை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது,
எங்கள் தோட்டத்து இலை துவர்க்கும் என்று.
வர்க்கியை விட்டுவிட்டேன் என்றால் பொய்.
ஞாயிற்றுக்கிழமை ஒன்று.
சில ஞாயிறு இரண்டு.

மார்கழித் தூறலில், கடைசி நிறுவை முடிகிற நேரம்,
புஷ்பகாந்தி சொன்னாள்:
"சார் வத்திட்டாரு. கொக்கியில ஏத்துங்கடி."
நானும் கொக்கியைப் பற்றிக் காலை மடக்கித் தொங்கினேன்.
முள் ஆடி ஆடி எண்பத்து மூன்றில் நின்றது.
"ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு அரை!"
எஸ்தர்மேரி கத்த, கொட்டகைத் தகரமே சிரித்தது.
எண்பதரை என்று யாரோ
என் புத்தகத்தில் எழுதவும் எழுதினார்கள்.

"இப்ப நீ ஏறு" என்றேன் புஷ்பகாந்தியிடம்.
சிரித்தபடியே தொங்கினாள்.
இடுப்புப் படங்கோடு சேர்த்து முப்பத்தொன்பது.
அன்றைக்கு அவள் பறித்த இலை நாற்பத்தாறு.

நான் நாலு மாதமாய் மூச்சு வாங்கி ஏறுகிற மேட்டை
தினம் நாலு தடவை ஏறுகிறாள்,
தலையில் சாக்கோடு.
அவள் காலடியை எந்தப் போனும் எண்ணவில்லை.
ரத்தம் ஏழு பாயின்ட்தான் என்று
போன வாரம் டிஸ்பென்சரி நர்ஸ்
இரும்பு மாத்திரை கொடுத்திருந்தார்.
இறங்கும்போது முழங்கால் இரண்டும் கரகரக்கிறதாம்.
காலையில் வெறும் டீ, அதில் நாலு கரண்டி சீனி,
"அது இல்லாட்டி மேடு ஏறாது சார்."

நடந்தால் உடம்புக்கு நல்லது.
டாக்டரம்மா சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்,
முப்பது நிமிஷம், வாரம் ஐந்து நாள்.
யார் நடப்பது, என்ன தின்றுவிட்டு,
திரும்பி வந்தால் உட்கார முடியுமா
என்று எழுதச் சீட்டில் இடமில்லை.

அன்றைக்கு அவள் பெயருக்கு நேரே
நாற்பத்தாறு என்றே போட்டேன்.
மானேஜர் கேட்டால் என்ன சொல்வது என்று
யோசித்துக்கொண்டே நடந்ததில்
மூன்றாம் வளைவு தாண்டியது தெரியவில்லை.

மறுநாளும் தூறல்.
மறுநாள் கழித்தேன்.
சாயங்காலம் நடக்கவும் போனேன்.