இரண்டு விசைகள், இடது கை

பகல் வேளைகள் எல்லாம் மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்கு.
எனக்கு வாய்த்தது
இரவு இரண்டு முதல் ஐந்து வரை,
ஸ்டுடியோ நான்கு, ஜன்னல் கிடையாது.
ஹடர்ஸ்ஃபீல்டில் மழை பெய்கிறதா என்பதை
உள்ளே வருகிறவர்களின் தலைமுடியைப் பார்த்துத்தான்
தெரிந்துகொள்ள வேண்டும்.
அந்நேரத்தில் வருவது
துப்புரவுக்கு வரும் ரிமான்டாஸ் ஒருவர்தான்.
அவருக்கோ முழு வழுக்கை.

இந்த வாரப் பணி: பித்தளை வாத்தியக் குழு ஒன்று.
இருபத்தேழு பேர், பதினாறு மைக்,
மெதடிஸ்ட் சர்ச்சின் ஹீட்டர் இரைச்சல் இலவச இணைப்பு.
கார்னெட்காரர் ஊதுவதற்கு முன்னால் இழுக்கும் மூச்சைக்
கத்தரித்து எடுத்தேன்.
சுரம் சுத்தமானது,
ஆளில்லாத வீட்டில் எரியும் விளக்கு மாதிரி.
திரும்ப ஒட்டினேன்.
மறுபடி எடுத்தேன்.
தவறுக்கு இங்கே விலையில்லை:
இரண்டு விசைகள், இடது கை,
நடந்தது நடக்காததாகிவிடும்.
நாலரை மணிக்குள்
நூறு தடவையாவது காலத்தைப் பின்னுக்கு இழுத்திருப்பேன்.
கடைசியில் மூச்சை வைத்தேனா எடுத்தேனா
எனக்கே நினைவில்லை.

போன மாதம் வெளியிட்ட என் பாட்டு
பதினோராயிரம் முறை ஒலித்ததாம், வாழ்த்துச் செய்தி வந்தது.
அதையே தேர்வுக்குக் கொடுத்தேன்: ஐம்பத்தெட்டு மதிப்பெண்.
‘குரலைச் சுற்றி இன்னும் கொஞ்சம் இடம் விடலாம்.’
விடலாம்தான்.
அதைப் பதிந்தது என் துணி அலமாரிக்குள்.

வருகைப் பதிவேட்டில் கெசையா பிராத்வைட்.
மேடையில் கெஸ்.
லீட்ஸ் மதுக்கூடத்துப் போஸ்டரில் மட்டும்
அச்சுப்பிழையால் கிஸ்.
“கூட்டம் வரும் விடு” என்றாள் பேஸ் வாசிக்கும் ஒலுச்சி.
பத்தொன்பது பேர் வந்தார்கள்,
அதில் நாலு பேர் எங்களுக்கு அடுத்து வாசிக்கிறவர்கள்.
மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்று செத்துக் கிடந்தது.
படித்ததெல்லாம் வரிசைகட்டி வந்தது:
கோணம், தூரம், பின்சுவரின் எதிரொலி.
வாயைத் திறக்குமுன்
“ஒயரைத் தொடாதே” என்றான் ஒலி மேசைக்காரன்.
தொடவில்லை.

மூன்றாவது பாட்டின் உச்சியில்
குரல் பிசிறியது.
பிசிறல் என்பது கௌரவமான சொல்;
பட்டென்று இரண்டாகக் கிழிந்து
ஒரு பாதி கீழே விழுந்தது.
அந்த நொடி
மைக்கைப் பிடித்திருந்த இடது கையின் இரண்டு விரல்கள்
தாமாகவே அழுத்தின.

எதுவும் திரும்பவில்லை.

டாவித்தின் ட்ரம்ஸ் அடுத்த அடிக்குப் போய்விட்டது.
காலமும் அதனோடு போயிற்று.
பின்னாலேயே ஓடினேன்,
பஸ்ஸைத் தவறவிடப் போகிறவள் ஓடுவதுபோல.
முன்வரிசையில் பச்சை ரெயின்கோட் பெண்
செல்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.
அதுவரை அவள் நிமிரவே இல்லை.

நாற்பது பவுண்டு சம்பளம்.
கார் நிறுத்தியதற்குப் பன்னிரண்டு.
மிச்சத்தில் சிப்ஸ்,
மூவருக்கும் ஒரே பொட்டலம், வினிகர் தாராளம்.

நண்பகலுக்குள் சமர்ப்பிக்க வேண்டிய குறிப்பு ஒன்று இருந்தது:
‘இந்த ஒலிப்பதிவை மீண்டும் செய்ய நேர்ந்தால்
எதை வேறு மாதிரி செய்வீர்கள்? ஆயிரத்தைந்நூறு சொற்கள்.’
நெடுஞ்சாலை இருட்டில், பின்சீட்டில்,
சிம்பலை மடியில் வைத்துக்கொண்டு தட்டினேன்:
மைக்கை இன்னும் கிட்டே வைத்திருப்பேன்.
ஹீட்டரை அணைக்கச் சொல்லியிருப்பேன்.
கார்னெட்காரரின் பெயரைக் கேட்டிருப்பேன்.
அதற்குமேல் ஓடவில்லை.

தூக்கம் வராமலிருக்க
டாவித் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினான்.
தொண்டை எரிந்தது.
கிழிந்த அதே இடத்தை
மெதுவாகப் பாடிப் பார்த்தேன்.
கிழியவில்லை. சுத்தமாக வந்தது.

“அய்யோ, போச்சே” என்றாள்
முன்சீட்டில் தூங்குவதாக நான் நினைத்திருந்த ஒலுச்சி.