ஒட்டுக்கா

உக்கடத்துப் பழைய சாமான் கடையில்
இதாயத்துல்லா சாக்கைக் கவிழ்த்தார்.
மூன்று தேசத்துப் பொம்மை ரயில்கள்
ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.
பிரிச்சு விக்கறதில்லீங்க அக்கா,
எடுத்தா ஒட்டுக்கா எடுத்துக்குங்க.

எடுத்துக்கொண்டேன்.

கணபதியில் பம்ப்செட் கம்பெனியில்
தரம் பார்க்கிறவள் நான்.
வெர்னியரின் தாடைக்குள்
ஒரு தலைமுடி கனம் கூடினாலும்
சிவப்புச் சாயம் தொட்டுத் தள்ளிவிடுவேன்.
லேத்துக்காரர்கள் எனக்கு வைத்த பெயர்
செவப்பாத்தா.

ஞாயிறு மத்தியானம்
மாடி அறையில் ஒவ்வொன்றாக அளந்தேன்.
ஜெர்மன் எஞ்சின், எண்பத்தேழில் ஒன்று.
இங்கிலீஷ் பெட்டி, எழுபத்தாறில் ஒன்று.
சரக்கு வண்டிகள் மூன்று,
யார் செய்ததோ, எதில் ஒன்றோ.
தடம் மட்டும் எல்லாவற்றுக்கும்
பதினாறரை மில்லிமீட்டர்.
சக்கரம் ஒத்துக்கொள்கிறது,
கூரை ஒத்துக்கொள்ளவில்லை.
மொபெட்டில் கயிறு கட்டி
வைக்கோல் லாரியை இழுக்கிற மாதிரி இருந்தது.

நம்மூர் ரயிலாவது சரியாக வருமா?
துண்டுக் காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன்.
போத்தனூர் அகலப்பாதை
ஆயிரத்து அறுநூற்று எழுபத்தாறு.
பதினாறரையால் வகுத்தால்
நூற்றியொன்றும் சில்லறையும்.
அந்த அளவில் எஞ்சின் விற்கிற கடையை
நான் பார்த்ததில்லை.
ஆக, இந்தத் தடத்தில்
எங்கள் ஊர் எதைக் கொண்டுவந்து நிறுத்தினாலும்
ரிஜெக்ட்.

சாயப் புட்டியைத் திறந்தபடி
சித்தெ நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நிலைப்படியில் தலை இடிக்காமல்
குனிந்து வந்தார் குழந்தைவேல்.
அவர் ஆறடி இரண்டங்குலம்.
நான் நாலே முக்கால்.
கல்யாணப் படத்தில் மட்டும்
அவர் காதுவரைக்கும் வந்துவிடுகிறேன்.
சேலைக் கொசுவத்துக்குக் கீழே ஒரு சோடாப் பெட்டி,
காங்கயத்துப் போட்டோகிராபர் வைத்தது.
இறங்கும்போது பெட்டி கவிழ்ந்து
நாத்தனார் மேலேயே விழுந்தேன்.
அதற்குப் படம் இல்லை.

என்ன அம்மிணி, சேரலியா?
ஒசரம் பத்தலீங்க.
அப்ப ஒரு சோடாப் பொட்டி வெச்சுப் பாக்கறது.

சிரித்துவிட்டுப் போய்விட்டார்.
நான் கைப்பையைக் கொட்டினேன்.
பஸ் டிக்கெட், ஏலக்காய், சேலை ஊக்கு,
அடியில் நாலு வாஷர்.
கனம் கூடுதல் என்று
நானே சிவப்புத் தொட்டவை.

போகிக்கும் உடம்புக்கும் நடுவே
வாஷரைச் செருகினேன்.
சரக்கு வண்டி மெல்ல எழுந்து
எஞ்சின் கொக்கிக்கு எதிரே நின்றது.
மற்ற கொக்கிகள் வேறு வேறு ரகம்;
ஊக்கை வளைத்து மாட்டினேன்.
இங்கிலீஷ் பெட்டியைக் கடைசிக்கு அனுப்பினேன்.
அதற்கு முன்னால் கூரையில்லாத வண்டி,
அதில் தலையணையிலிருந்து பிய்த்த பஞ்சுப் பொதி.
கண் எஞ்சினிலிருந்து கிளம்பி
பஞ்சில் கொஞ்சம் தாமதித்து
பெட்டியைப் போய்ப் பார்ப்பதற்குள்
முதலில் பார்த்த உயரத்தை மறந்துவிடுகிறது.

சுண்டுவிரல் எஞ்சின் ஒன்றே ஒன்று
எந்தத் தடத்திலும் நிற்கவில்லை.
சுவரில் கல்லாறு மலை வரைந்திருந்தேன்,
அதன் ஓரமாய் வைத்தேன்.
சின்னதாக இல்லை இப்போது.
தூரத்தில் இருக்கிறது.

சுவிட்சைப் போட்டேன்.
ஒட்டுக்காக் கிளம்பிற்று.
பீளமேடு தாண்டியது.
இருகூர் தாண்டியது.
சோமனூரில் நிற்காமல் திரும்பி வந்து
டீத்தூள் அட்டையில் நான் வெட்டிய
அவினாசி ரோடு மேம்பாலத்தில்
கடைசிப் பெட்டியின் கூரை மாட்டிக்கொள்ள,
எஞ்சின் மட்டும் நின்ற இடத்திலேயே
சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

கூரையைச் சீவீரலாமா?
கீழிருந்து கேட்டார்.
தொடாதீங்க என்றேன்.

திங்கட்கிழமை காலை முதல் தட்டு.
தாடைக்குள் ஒரு வாஷர்.
இரண்டு தலைமுடி கூடுதல்.
சிவப்புத் தொட்டேன்.
ஸ்கிராப் ரிஜிஸ்டரில் எண்ணிக்கை எழுதி
கையெழுத்துப் போட்டு
ஒன்றுக்கு நாலணா கட்டி
பையில் போட்டுக்கொண்டேன்.

பாலத்துக்குக் கால் ஆறு.
இன்னும் பதினொன்று வேண்டும்.